தோட்டாத் துவக்கைக் கழற்றித் துடைக்கும் முறை: மாரிக்கு முன் வயற்காரர் செய்யவேண்டியவை

பயிரைக் காக்க லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் 12 போர் (போர் என்பது குழலின் உள் அகல அளவு) துவக்கு வருசத்தில் எத்தனை தரம் வெடிக்கும் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். மிச்சக் காலம் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். அது பழுதாவதும் அந்தச் சும்மா கிடக்கிற காலத்தில்தான். காலபோக நெல் விதைத்த கையோடு மாரி தொடங்கிவிடும். முத்தையன்கட்டுப் பக்கமோ வவுனிக்குளத்துப் பக்கமோ இரவுக் காவலுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பனி, மழை, கை வேர்வை, வரம்புச் சேறு எல்லாம் துவக்கில் ஏறித்தான் விடியும். கரையோரம் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் கறள் பிடிக்கும்.

இங்கே சொல்வது நடுவில் மடித்துத் திறக்கிற ஒற்றைக்குழல் துவக்குக்கு. இரட்டைக்குழலுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். கட்டுத்துவக்குக்கு இங்கே வேலை இல்லை. அது பன்றி தட்டினால் தானாக வெடிக்கட்டும் என்று கட்டி, விறகு பொறுக்கப் போனவரின் காலைப் பறிக்கிற சாமான்.

முதல் வேலை, வெறுமையா என்று பார்ப்பது

தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். துடைக்கிற இடத்தில் ஒரு தோட்டாவும் இருக்கக்கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். துவக்கின் வாய் ஆளில்லாத பக்கம் பார்த்தபடி இருக்க, திறக்கிற பிடியைத் தள்ளி மடியுங்கள். தோட்டா இருக்கிற அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு விரலை விட்டும் பாருங்கள். “நேற்றே எடுத்துவிட்டேன்” என்கிற ஞாபகத்தை இந்த விசயத்தில் நம்பக்கூடாது. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். காவல் கொட்டிலில் ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

தேவையான சாமான்

பித்தளைத் தடி ஒன்று, இல்லாவிட்டால் வழவழப்பாகச் சீவிய நேரான மரத்தடி. குழல் அனேகமாக 28 தொடக்கம் 32 அங்குலம் வரும், தடி அதைவிட ஒரு சாணாவது நீளமாக இருக்கட்டும். கொங்கிறீற் கம்பியை உள்ளே விடாதீர்கள், குழலைக் கீறிவிடும். 12 போருக்கான வெண்கலத் தூரிகை கிடைத்தால் நல்லது. பழைய பருத்திச் சாரம் அல்லது பெனியன் துணி, பழைய பல் தூரிகை, கொஞ்ச மண்ணெண்ணெய், தையல் மெசின் எண்ணெய். அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். நான் வேண்டாம் என்பேன். நாள் போக அது பிசினாக இறுகி, விசையையும் குதிரையையும் (விசையை இழுத்ததும் ஊசியில் அடிக்கிற துண்டு) இழுத்துப் பிடிக்கும். உழவு இயந்திரத்தில் இருந்து கழிக்கிற கறுத்த ஒயில் அதைவிட மோசம், அதற்குள் அமிலமும் இரும்புத் தூளும் இருக்கும். வேலிக் கட்டைக்குக் கறையான் வராமல் பூசத்தான் அது சரி.

கழற்றுவது

துவக்கு மூன்று துண்டாகக் கழன்றால் போதும். குழலுக்குக் கீழே கை பிடிக்கிற முன்கட்டையை முதலில் எடுங்கள். சிலதில் அதை வாய்ப்பக்கத்தால் கீழ்நோக்கி இழுத்தால் கழன்று வரும், சிலதில் ஒரு சிறிய பிடியோ ஸ்குரூ ஆணியோ இருக்கும். அதன் பிறகு பிடியைத் தள்ளி நன்றாக மடித்தால் குழல் கொளுக்கியில் இருந்து விடுபடும். வராவிட்டால் சுத்தியலால் தட்டவேண்டாம். இறுகிய பழைய எண்ணெய்தான் காரணமாக இருக்கும். இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

இதோடு நில்லுங்கள். பிடங்கோடு (தோளில் வைக்கிற மரக்கட்டை) இருக்கிற பூட்டுப் பகுதியைத் திறக்கத் துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் இருக்கிற வில்லுகள் அழுத்தத்தோடு நிற்கின்றன. தெறித்தால் கண் போகும். தெறிக்காவிட்டாலும், திரும்பப் பூட்டும்போது குதிரை நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. தட்டினாலே வெடிக்கிற துவக்கை உங்கள் கையாலேயே செய்து வைத்தவராவீர்கள். வெளியில் தெரிகிற இடங்களைப் பல் தூரிகையால் தட்டி, ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும்.

குழல்

தடியை விடுவதற்கு முன் குழலை வானத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வன்னி வீடுகளில் ஒரு திறந்த குழாய் கிடந்தால் குளவி விடாது, மண்ணால் கூடு கட்டிவிடும். துவக்குக் குழலும் அதற்கு ஒரு குழாய்தான். வரம்பில் வழுக்கி விழுந்தால் வாயில் சேறு ஏறும். இப்படி அடைத்திருக்கும்போது வெடித்தால் ஈயக் குண்டுகளும் பின்னால் வருகிற வாயுவும் அந்த இடத்தில் தடைப்பட, அழுத்தம் ஏறிக் குழல் வீங்கும் அல்லது கிழியும். இடது கை இருப்பது அதற்குப் பக்கத்தில்தான். துவக்கைத் துடைப்பதன் அரைவாசிப் பயன் பளபளப்பில் இல்லை, இந்த ஒரு பார்வையில்தான் இருக்கிறது. அடைப்பு இருந்தால் தோட்டாப் பக்கத்தால் மரத்தடியை விட்டுத் தள்ளி எடுங்கள். வெடி வைத்துத் தள்ளுகிற எண்ணமே வரக்கூடாது.

பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியைத் தோட்டாப் பக்கத்தால் விட்டு வாயால் எடுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, தூரிகையை முழு நீளத்துக்கும் நாலைந்து தரம் ஓட்டுங்கள். பாதியில் திருப்பி இழுக்காமல் அடுத்த பக்கத்தால் வெளியே வரவிட்டுத் திருப்புங்கள். அதன் பிறகு காய்ந்த துணி, கறுப்பு வராத வரைக்கும். கடைசியாக எண்ணெய் தொட்ட துணி ஒன்று, மெல்லிய படலமாக. உள்ளே விட்ட துணி எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள், மறந்துபோன துணியும் அடைப்புத்தான்.

இப்போது திரும்ப வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே வட்டம் வட்டமாக ஒழுங்கான ஒளி தெரியும். ஓரிடத்தில் வட்டம் கோணி, இருண்ட வளையம் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது. அதை இனி வெடிக்கவேண்டாம், துவக்குத் திருத்த அனுமதி உள்ளவரிடம் காட்டுங்கள்.

வெளிப்புறம்

கறள் கண்ட இடத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, முரட்டுத் துணியால் தேயுங்கள். சாண்ட் பேப்பர் போடாதீர்கள். குழலின் நீலப்பூச்சு போய் அடுத்த கறள் இன்னும் கெதியாக வரும். அதோடு துவக்கில் அடித்திருக்கிற இலக்கமும் தேயும். இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி லைசென்ஸை வருசாவருசம் புதுப்பிக்கவேண்டும். புத்தகத்தில் உள்ள இலக்கமும் துவக்கில் உள்ள இலக்கமும் பொருந்தாவிட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். மரப்பகுதிக்கு ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் தடவலாம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

பூட்டுவதும் வைப்பதும்

கழற்றிய ஒழுங்கைத் திருப்பினால் சரி. பூட்டியபின் விசையை வெறுமையாகத் தட்டிப் பார்க்கிற பழக்கம் பழைய துவக்குகளுக்குக் கூடாது, ஊசி உடையும். குதிரையை இறக்கவேண்டுமானால் வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டு இறக்குங்கள். துணி உறை, தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்கவேண்டாம், உறை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பூட்டுள்ள அலுமாரியில், வாய் கீழே இருக்க நிறுத்துங்கள். மேலே இருந்தால் எண்ணெய் வடிந்து பிடங்கு மரத்துக்குள் இறங்கி அதை ஊறப்பண்ணும்.

அடுத்த தரம் காவலுக்கு எடுக்கும்போது குழலுக்குள் ஒரு காய்ந்த துணியை ஓட்டி எண்ணெயை எடுத்துவிடுங்கள். தோட்டாவையும் பாருங்கள். அடிப் பித்தளை பச்சை பூத்திருந்தால், உடல் வீங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள், வெயிலில் காயவைத்துப் பாவிக்கிற வேலை வேண்டாம். பழைய துவக்குகளின் அறை 65 மில்லிமீற்றர் நீளத் தோட்டாவுக்குச் செய்தது, இப்போது கிடைப்பது அனேகமாக 70. குழலில் என்ன அடித்திருக்கிறது என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். 12 போரைவிட ஒடுக்கமான 20 போர் தோட்டா ஒன்று கலந்து வந்தால் அது 12 போர் அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் போய் நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும், அதற்குப் பின்னால் இன்னொன்றைப் போட்டு வெடித்தால் குழல் கிழியும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான், மஞ்சளைக் கண்டால் பெட்டியில் இருந்து எடுத்து வேறாக வையுங்கள்.