வெளிநாட்டுக் கச்சேரி: பாட்டுக்கு வெளியே நடக்கும் தவறுகள்

வெளிநாட்டில் ஒரு கர்நாடகக் கச்சேரி கெட்டுப்போனால் அதற்குப் பாட்டு காரணமாக இருப்பது அபூர்வம். ஒரு படிவமோ ஒரு தோலோ ஒரு மைக்கோதான் கெடுத்திருக்கும். இங்கே சபாவில் ஜமக்காளம் விரித்திருக்கும், மைக்காரருக்கு மிருதங்கத்துக்கு இரண்டு தலை உண்டு என்பது தெரியும், பத்து நிமிஷம் கூடப் பாடினால் செயலாளர் முகம் சுளிப்பதோடு சரி. அங்கே இதில் எதுவும் தானாக நடக்காது. நான் பாடகன் இல்லை. குழுவோடு தம்புராவையும் ஃபைலையும் தூக்கிக்கொண்டு போனவன். அதனால் என் கண்ணில் பட்டதெல்லாம் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

முதலில் விசா. "பத்து வருஷ டூரிஸ்ட் விசா இருக்கே, போதாதா?" என்று ஒருவராவது கேட்பார். அமெரிக்காவில் சன்மானம் வாங்கிக் கச்சேரி செய்ய அது போதாது. மரபுக் கலைஞர்களுக்கென்றே பி-3 (P-3) என்று ஒரு வகை இருக்கிறது. அதற்கு அங்கே அழைப்பவர்தான் மனுப் போட வேண்டும். துறை சார்ந்த தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் வேண்டும். அனுப்பும் நாட்டு அரசே செலவை ஏற்று, டிக்கெட் இல்லாமல் நடத்தும் கலாசார நிகழ்ச்சிக்கு மட்டும் பி-1 (B-1) என்ற வருகையாளர் விசாவில் ஒரு சின்ன விலக்கு உண்டு. அதை எல்லாக் கச்சேரிக்கும் நீட்டிவிடக் கூடாது. பக்கவாத்தியக்காரரைக் கடைசி வாரத்தில் மாற்றுவது நம் ஊரில் ஒரு ஃபோன் சமாச்சாரம். மனுவில் பேர் இல்லாத மிருதங்க வித்வான் விமானம் ஏற முடியாது. ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகள் எல்லாமும் சேர்த்து 180 நாளில் 90 நாள்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு என்று நினைத்துப் பயணம் போடுபவர்கள் உண்டு.

சன்மானத்தைப் பேசும்போது வரியையும் பேசிவிட வேண்டும். அமெரிக்காவில் வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் தொகையில் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். முன்கூட்டியே மனுச் செய்தால் குறைக்க வழி உண்டு. கவரைப் பிரித்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

அப்புறம் வாத்தியம். இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து கஞ்சிராவில், கையில் பிடித்துத் தட்டும் அந்தச் சின்னத் தோல்வாத்தியத்தில், இருக்கிறது. பழைய வழக்கப்படி அதற்குப் போடுவது உடும்புத்தோல். இந்தியாவில் உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸிலும் நம் ஊர் உடும்பு உச்சப் பாதுகாப்புப் பட்டியலில்தான் வருகிறது. "சின்ன வாத்தியம்தானே, பையில் போட்டுக்கொள்" என்று கிளம்பினால் சுங்கத்தில் மாட்டுவது சங்கீதத்துக்காக இல்லை, வனவிலங்குக் குற்றத்துக்காக. ஆட்டுத்தோல் கஞ்சிராவும் செயற்கைத் தோல் கஞ்சிராவும் கிடைக்கின்றன. நாதம் அதே மாதிரி இருக்குமா என்றால் இருக்காதுதான். ஆனாலும் அதைத்தான் எடுத்துப்போக வேண்டும். தாத்தா காலத்து வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் அதுவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியா இன்னும் கறார். மரம், தோல், உணவுப்பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று எழுத வேண்டும். எழுதினால் சோதித்துவிட்டு அனேகமாக விட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தலையில், பூச வைத்திருக்கும் ரவைப் பொட்டலமும் இதில் சேர்த்தி. ரவையைச் சுமக்கவே வேண்டாம். அந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டில் செமோலினா என்று கேட்டால் கொடுப்பார்கள். சுருதி கூட்டும் கல்லையும் கட்டையையும் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் நிற்பவருக்கு அது வெறும் கல்.

குளிர் நாட்டு அரங்கில் ஹீட்டர் ஓடும்; காற்று உலர்ந்துபோகும்; தோல் இறுகி மிருதங்கத்தின் சுருதி மேலே ஏறும். காரிலிருந்து இறங்கி நேரே மேடைக்குப் போனால் முதல் வர்ணம் முடிவதற்குள் இது நடந்துவிடும். இரண்டு மணி நேரம் முன்னதாகவே வாத்தியத்தை அரங்கில் வைத்துவிட வேண்டும். கடத்தைச் சுருதி சேர்ப்பதற்கு வார் கிடையாது, ஆகவே பாடகரின் சுருதிக்குப் பொருந்தும் கடத்தை இங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். தொடரில் ஒரு நாள் ஆண் குரல், மறுநாள் பெண் குரல் என்றால் இரண்டு கடம்.

ஒலி விஷயத்தில் நம் பழக்கமே எதிரி. லண்டன் விக்மோர் அரங்கம் 1901-இல் திறந்தது. அது போன்ற இடங்கள் மைக் இல்லாத பியானோவுக்கும் நால்வர் தந்திக் குழுவுக்குமாகக் கட்டப்பட்டவை. அங்கே போய், "மானிட்டரில் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று மாறி மாறிக் கேட்டால் மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்து வெறும் முழக்கமாகிவிடும். என்னைக் கேட்டால் இப்படிப்பட்ட அரங்கில் ஒரு தடவையாவது மைக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். நம் குரல் கடைசி வரிசை வரை போவதைக் கேட்டு ஒரு பாடகர் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். மைக் வேண்டியே தீரும் என்றால் மேடை வரைபடம் ஒன்றை முன்கூட்டியே அனுப்புங்கள்: தரையில் உட்காருவோம், நாற்காலி வேண்டாம், சின்ன மேடையும் விரிப்பும் வேண்டும்; பாடகரின் இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம்; மிருதங்கத்துக்கு இரண்டு மைக். இது இல்லாமல் போய், நான்கு நாற்காலியும் நான்கு நோட்டு ஸ்டாண்டும் வரவேற்ற மேடையும் உண்டு.

நேரம் இன்னொரு பொறி. அங்கே ஒன்றரை மணி என்றால் ஒன்றரை மணிதான். மூன்று மணிக் கச்சேரியைச் சுருக்க நினைப்பவர்கள் முதலில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை வெட்டி, ஆறேழு துக்கடாக்களை, அதாவது சின்னச் சின்னப் பாட்டுகளை, அடுக்குவார்கள். இதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. நம் சங்கீதத்தில் அவர்கள் வேறெங்கும் கேட்க முடியாதது ஒரு ராகத்தை நிதானமாக விரிப்பதும், அந்தத் தனியும்தான். 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது அந்த இடத்துக்கென்றே காஞ்சிப் பெரியவர் இயற்றிய 'மைத்ரீம் பஜத'வும், ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாட்டும் இருந்தன. அவற்றுக்காகக் கச்சேரியின் கிருதிகளை விட்டுவிடவில்லை, அவையோடு சேர்த்தே பாடினார்.

பாட்டுப் பட்டியலை மாதக்கணக்கில் முன்பே கேட்பார்கள், ஏனென்றால் அச்சடிக்க வேண்டும். 'மேடையில் முடிவு செய்வோம்' என்று பதில் எழுதாமல், பெரிய உருப்படியை மட்டும் உறுதியாகச் சொல்லி, மற்றவற்றை மேடையில் அறிவிப்போம் என்று எழுதலாம். விளக்கம் சொல்லும்போது 72 மேளகர்த்தாவில், அதாவது தாய் ராகப் பட்டியலில், ஆரம்பிக்காதீர்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போடச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் அரங்கமே போடும். சுருதி சேர்ப்பதை மேடையில் நீட்டவும் கூடாது. 1971-இல் நியூயார்க்கில் வங்கதேச நிதிக்காக நடந்த நிகழ்ச்சியில் ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததற்கே கைதட்டல் விழுந்தது. இதையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று அவர் சொன்னார். எதிர்மாறான சங்கடமும் உண்டு: மேற்கத்திய அரங்கில் ஸ்வரம் நடுவே யாரும் "பேஷ்" சொல்ல மாட்டார்கள், தலைகூட ஆடாது. பிடிக்கவில்லை என்று நினைத்து வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது.

உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிதான் பெரும்பாலும் அரைகுறையாக முடிகிறது. ஒரே ஒரு ரிஹர்சல், அவர்கள் நீட்டி இழுக்கும் ஸ்வரங்கள், மேலே நம் மோகனம். எப்போதும் மோகனம்தான், பாவம். சுருதியை 'ஐந்து கட்டை' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. ஜி என்று சொல்ல வேண்டும், ஒன்றரை என்றால் சி ஷார்ப். அவர்களுக்கு எழுதிய நோட்டு கட்டாயம் வேண்டும், ஆனால் நோட்டில் கமகம், ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் அந்த நெளிவு, வராது. ஆகவே இரண்டு மாதம் முன்பே நோட்டோடு மெதுவாகப் பாடிய ஒலிப்பதிவையும் அனுப்புங்கள். அவர்கள் வாசிக்கும் ஹைடனோ பார்டோக்கோ ஒன்றை நாமும் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் இசையைப் படித்த அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ் 1965-இல் திருவையாறு ஆராதனையில் பாடினார், ஊரே அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றது. நம் பக்கத்திலிருந்து போகும் குழுக்களில் எத்தனை பேர் அங்கே ஒரு வகுப்பிலாவது மாணவராக உட்கார்ந்திருக்கிறார்கள்? அடுத்த பயணத் திட்டத்தில் கச்சேரி இல்லாத ஒரு முழு நாளை அதற்கென்று கேட்டு வாங்கியிருக்கிறோம். வயலின்காரர் அந்த ஊர் வயலின்காரரிடம் வில் பிடிப்பது எப்படி என்று கேட்கப் போகிறார்.