கிரீட் கடற்கரையில் ஒரு வாரம்: அறையும் சாப்பாடும் ஒரே கணக்கு

கடற்கரை விடுமுறைக்குத் திட்டமிடும்போது அறை வாடகையைத் தனியாகவும் சாப்பாட்டைத் தனியாகவும் கணக்குப் போடுவதுதான் வழக்கம். மத்தியதரைக் கடலோரத்தில் இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது என்பேன். எத்தனை வேளை வெளியே சாப்பிடப் போகிறீர்கள் என்பதை நீங்கள் எடுக்கும் அறைதான் முடிவு செய்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாத மலிவான அறையை எடுத்தால் மூன்று வேளையும் உணவகம்தான். பத்து, பதினைந்து யூரோ கூடக் கொடுத்து ஒரு சிறிய சமையல் மேடை உள்ள அறையை எடுத்தால், வாரம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது அதுவே சிக்கனமாக இருக்கும். கிரேக்கத்தின் கிரீட் தீவு, அதிலும் மேற்கே உள்ள ஹானியா வட்டாரம் எனக்கு நன்றாகப் பழகிய கடற்கரை. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மாதம். ஆகஸ்ட் 15 கிரேக்கர்களுக்கு மாதா திருநாள். நாட்டில் பாதிப் பேர் அந்த வாரத்தில் கடலோரத்துக்கு வந்துவிடுகிறார்கள். வாடகை உச்சத்துக்குப் போகிறது. செப்டம்பர் பிற்பகுதியில் அதே அறை கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கோடை முழுவதும் வெயில் வாங்கிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் வேறு மாதத்தை யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து இடம். ஹானியாவில் வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்துப் பழைய துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் அறைகள் அழகானவை, விலையும் அப்படியே. துறைமுகத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் நெயா ஹோரா என்ற பகுதி. மணல் கடற்கரை, வரிசையாக மீன் உணவகங்கள், குடியிருப்பு வீடுகள், பேக்கரி, காய்கறிக் கடை எல்லாம் அங்கே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். வாடகையில் மிச்சம் பிடித்தது டாக்சிக்கும் வாடகைக் காருக்கும் போய்விடும். இன்னும் அமைதியாக வேண்டும் என்றால் ஹானியாவிலிருந்து பஸ்ஸில் மலையைக் கடந்து தென்கரையில் உள்ள பலெயோஹோராவுக்குப் போகலாம். அந்த ஊர் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலமுனையில் இருக்கிறது. ஒரு பக்கம் மணல் கரை, மறுபக்கம் கூழாங்கல் கரை. ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் போய்க் குளிக்கலாம். சிறிய குடும்பங்கள் நடத்தும் அறைகள் அங்கே நிறைய உண்டு.

பலர் கவனிக்காமல் விடுவது அரசாங்கக் கட்டணம். பருவநிலைப் பேரிடர்களைச் சமாளிக்கும் நிதிக்காகக் கிரேக்க அரசு ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு இரவுக்கும் இதை வசூலிக்கிறது. ஆள் கணக்கு இல்லை, அறைக் கணக்கு. 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர ஹோட்டல்களில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. உரிமம் பெற்ற சிறிய வாடகை அறைகளுக்கு 2 யூரோதான். ஆனால் இணையத்தில் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் அடுக்ககங்களுக்கு 8 யூரோ. ஏழு இரவுக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஒன்றில் 14, மற்றொன்றில் 56. முன்பதிவில் தெரியும் விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. போய்ச் சேர்ந்த பிறகு கேட்பார்கள். அதனால் அறை எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, கட்டணம் எவ்வளவு, குளிரூட்டிக்குத் தனிப் பணம் உண்டா என்ற மூன்றையும் உரிமையாளரிடம் முன்பே எழுதிக் கேட்டுவிடுவது என் வழக்கம். உடனே தெளிவாகப் பதில் எழுதுகிறவர்களிடமே தங்குகிறேன்.

படங்களைப் பார்க்கும்போது கட்டிலையும் பால்கனியையும் விட்டுவிட்டுச் சமையல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிரிட்ஜ், ஒரு மின்னடுப்பு, காய் நறுக்கும் பலகை, இரண்டு ஆழமான தட்டுகள் இருந்தால் போதும். அங்கே போய் மூன்று வேளையும் சமைக்கச் சொல்லவில்லை. விடுமுறையில் யாரையும் அடுப்படியில் நிறுத்துவது அநியாயம். காலையும் இரவும் எளிமையாக முடித்துக்கொண்டு, மதியம் ஒரு வேளை மனநிறைவோடு வெளியே சாப்பிடுவதுதான் என் முறை.

ஏன் மதியம்? கிரேக்க ஊர்களில் காலையிலேயே பெரிய பாத்திரங்களில் சமைத்துவைத்து விற்கும் கடைகள் உண்டு. துறைமுகப் பக்கம் பார்த்தால் கிடைக்காது. சந்தைக்கும் அலுவலகங்களுக்கும் பின்னால் உள்ள தெருக்களில் தேடுங்கள். உள்ளே போனால் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகள் வரிசையாக இருக்கும்: அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும், கத்தரிக்காயும் சீமைச் சுரைக்காயும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயில் வெந்த பிரியாம் என்ற காய்கறிக் கலவை, தக்காளிச் சாற்றில் ஊறிய பெரிய வெள்ளை அவரைப் பருப்பு. விரலால் காட்டினால் போதும், மொழி தேவையில்லை. இந்த எண்ணெய்ச் சமையல் வகைகள் இறைச்சி உணவுகளைவிட மலிவானவை. கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாட்களுக்கு உரியவை என்பதால் பெரும்பாலும் சுத்த சைவம். ஒரு மணிக்குப் போங்கள். மூன்று மணிக்குப் போனால் நல்லவை தீர்ந்திருக்கும்.

இரவுக்குத் தாகோஸ். கிரீட்காரர்களின் சாப்பாடு இது, அடுப்பே வேண்டாம். பார்லி ரஸ்க்கைத் தண்ணீரில் ஒரு கணம் காட்டி எடுங்கள். ஊறப்போட்டால் கூழாகிவிடும், மேற்புறம் ஈரமாகி நடுவில் கொஞ்சம் கடினம் இருக்க வேண்டும். அதன் மேல் பழுத்த தக்காளியைத் துருவிப் போட்டு, மிசீத்ரா பாலாடைக்கட்டியை உதிர்த்து, காய்ந்த ஓரிகானோ தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டால் தக்காளிச் சாறு உள்ளே இறங்கிவிடும். தக்காளிக்கும் பழத்துக்கும் சனிக்கிழமை காலை ஹானியாவின் மினோஸ் தெருவில் கூடும் சந்தைக்குப் போங்கள்.

உணவகத்தில் உட்கார்ந்தால் கேட்காமலே ரொட்டிக்கூடை வரும், அதற்கும் தலைக்கு ஒரு தொகை பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். தட்டுகள் பெரியவை, இரண்டு பேருக்கு மூன்று தட்டு வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால் வயிறு நிறையும். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டு வருவது நல்ல பழக்கம். ரசீது தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது அங்கே சட்டம்; அதை அறிவிப்பாகவே எழுதி ஒட்டியிருப்பார்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குப் பெட்டிக்கடைகளிலும் விமான நிலையத்திலும் அரை யூரோ என்று விலை வரம்பு உண்டு. அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் இருவருக்கு, ஏழு இரவுக்கு நான் இப்படி ஒதுக்குவேன். அறை நாளுக்கு 60 வீதம் 420, அரசாங்கக் கட்டணம் 14. காலையில் பேக்கரிப் பண்டமும் காபியும் 6 வீதம் 42. மதியச் சாப்பாடு 35 வீதம் 245. இரவுக்குச் சந்தைச் சாமான் 12 வீதம் 84. தண்ணீர், ஐஸ்கிரீம், மாலைக் காபி 10 வீதம் 70. ஒரு நாள் மீன் விருந்துக்குக் கூடுதலாக 40. ஆக 915 யூரோ. வாடகை ஊருக்கு ஊர் மாறும். அந்த ஒரு எண்ணை உங்கள் விசாரணைப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த மீன் விருந்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். பெரிய மீன்களுக்கு மெனுவில் போட்டிருப்பது கிலோ விலை, தட்டு விலை அல்ல. மீனை நீங்களே தேர்ந்தெடுத்து, எதிரிலேயே எடை போடச் சொல்லி, தொகையைக் கேட்ட பிறகே அடுப்புக்கு அனுப்புங்கள். இப்படிக் கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த மீனாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்ஜெட் இன்னும் இறுக்கமாக இருந்தால் முதலில் கடற்கரைச் சாய்வு நாற்காலியை வெட்டுங்கள். கடற்கரை பொதுச் சொத்து, துண்டு விரித்து உட்கார யாருக்கும் பணம் தர வேண்டாம். அடுத்து மீன் விருந்தைச் சிறிய மத்தி, நெத்திலி வறுவலாக மாற்றுங்கள். ருசியில் ஒன்றும் குறையாது. அதற்கும் பிறகு ஓர் இரவைக் குறைத்து ஆறு இரவாக்குங்கள். மதியச் சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.