ஸ்பெயின் மலைப்பாதைகளில் நடக்கப் போகிறீர்களா?

மாட்ரிட்டுக்கு அருகே குவாதர்ராமா, கிரேதோஸ் மலைப்பக்கம் நடக்கப் போனால், பாறையிலும் மரத்திலும் தீட்டியிருக்கும் வண்ணப் பட்டைகளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை-சிவப்பு என்றால் 50 கி.மீ.க்கு மேற்பட்ட நெடும்பாதை. வெள்ளை-மஞ்சள் 10 முதல் 50 கி.மீ. வரை. வெள்ளை-பச்சை 10 கி.மீ.க்கு உட்பட்டது, குழந்தைகளோடு போக இதுவே சரி. பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் அதே பாதையில் தொடரலாம். பெருக்கல் குறி போட்டிருந்தால் தப்பான வழி. வெகுநேரம் பட்டையே கண்ணில் படவில்லையா? கடைசியாகப் பார்த்த இடத்துக்கே திரும்பிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஊர் நடுவே கல் தொட்டியோடு குழாய் இருக்கும். 'நோ பொத்தாப்லே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. கடைகளை நம்ப வேண்டாம். மதியம் 2 மணிவாக்கில் மூடினால் 5 மணிக்குத்தான் திறப்பார்கள், சின்ன ஊர்களில் கடையே இருக்காது.

ஆட்டு மந்தை எதிர்ப்பட்டால் தள்ளிச் சுற்றிப் போங்கள். ஓநாயை விரட்டவே வளர்க்கும் மஸ்தின் நாய்கள் ஆடுகளோடு ஆடாகப் படுத்திருக்கும். எழுந்து குரைத்தால் ஓடாதீர்கள், தடியையும் ஓங்காதீர்கள். மெதுவாக விலகினால் போதும். வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். அவசரத்துக்கு 112.