அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் திரும்பினால்: வீட்டில் செய்யவேண்டியவை

பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பி விடுகிற புரதம், இரத்தத்தில் பார்ப்பது) ஒருதரம் கூடினதும் வீடே இடிந்துபோக வேண்டாம். சுரப்பியை வெட்டி எடுத்தவருக்கு 0.2 (ng/ml) அல்லது அதற்கு மேல் வந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். கதிர்ச்சிகிச்சை எடுத்தவருக்கு, அதன்பின் இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடவேண்டும். எப்போதும் ஒரே லாப்பில் பாருங்கள். சுரப்பி இன்னும் உள்ளவருக்குச் சலத்தில் கிருமி இருந்தாலும் எண் கூடும்.

ஒரு சீஆர் கொப்பி வாங்கித் திகதி, பிஎஸ்ஏ, ஊசி, குளிசை எல்லாம் எழுதுங்கள். தெல்லிப்பழை புற்றுநோய் கிளினிக்கோ, யாழ் போதனா வைத்தியசாலையோ, எங்கே போனாலும் அது கையில் இருக்கட்டும்.

ஆண் ஹோர்மோனை இறக்கப் போடுகிற ஹோர்மோன் ஊசியில்தான் கூடப் பிழை நடக்கிறது. கோசரலின் 3.6 மில்லிகிராம் 28 நாளுக்கு ஒருதரம், 10.8 மில்லிகிராம் 12 கிழமைக்கு ஒருதரம். "மாதம் ஒன்று" என்று கணக்குப் பார்த்தால் நாள் பிந்திவிடும். ஊசி போட்ட அன்றே அடுத்த திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். முதல் ஊசியோடு ஆண் ஹோர்மோன் கொஞ்ச நாள் ஏறித்தான் இறங்கும். அந்த ஏற்றம் நோயைத் தூண்டாமல் இருக்கத்தான் பைகலுட்டமைட் குளிசையும் தருகிறார்கள். "ஊசி போட்டாச்சுதானே" என்று அதை நிறுத்தினால் எலும்பு நோவு கூடலாம், சலம் அடைக்கலாம்.

இரவில் உடம்பு கொதித்து வேர்க்கும். மாற்றுச் சாரமும் துவாயும் தலைமாட்டில் வையுங்கள். காரணமில்லாமல் அழுவார், எரிந்து விழுவார். அதுவும் ஊசியின் வேலையாக இருக்கலாம். ஏசாதீர்கள், பக்கத்தில் இருங்கள். இந்த ஊசி எலும்பையும் தசையையும் கரைக்கும். காலமையும் பின்னேரமும் ஒழுங்கை வழியே நடக்கவிடுங்கள். நெத்தலி, மோர், முருங்கையிலை கொடுங்கள். விழுந்தால் எலும்பு முறியலாம், அதனால் கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவுங்கள். கக்கூசுக்குப் போகிற வழியில் இரவு முழுக்க லைட் எரியட்டும். எலும்புக்கு சொலெட்ரோனிக் அமிலம் ஏற்றப்போகிறார்கள் என்றால், பல் பிடுங்குகிற வேலையை அதற்கு முதலே முடியுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் கிடக்கலாம்.

நாரி நோவுக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம், சிறுநீரகம் பழுதாகலாம். தடிமனுக்குப் பிரிட்டோன் கொடுத்தால் சலம் கட்டிவிடக்கூடும். கடும் நோவுக்கு மோபின் தொடங்கினால் அன்றே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். வயிறு இறுகினால் நோவு மருந்தையே வேண்டாம் என்று தள்ளிவிடுவார்.

நாரி நோவோடு கால் சோர்ந்தாலோ, இருக்கிற இடம் (பிட்டம், தொடையிடுக்கு) விறைத்தாலோ, சலமோ மலமோ தெரியாமல் போனாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காதீர்கள். முள்ளந்தண்டு நரம்பை நோய் நெரிக்கக்கூடும். மணித்தியாலங்கள் பிந்தினால் கால் திரும்பாமலே போகலாம். நிமிர்த்திப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோகாதீர்கள். போனதும் முதல் சொல்லாக, "புரோஸ்டேட் புற்றுநோய்க்காரர், கால் வேலை செய்யவில்லை" என்று சொல்லுங்கள்.