பைக்கின் பின் மிதியை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா?

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரையூர்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பலவற்றின் கியர் லீவரில், கால்விரலால் இயக்கும் முன் மிதியோடு குதிகாலால் அழுத்தும் பின் மிதியும் சேர்ந்தே இருக்கிறது. அது காலை இடிக்கிறது என்பதற்காக ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. அறுத்ததைத் திரும்ப ஒட்டவைப்பது எளிதல்ல என்பதால், உங்கள் வண்டியில் கியர் எந்த வரிசையில் விழுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் நியூட்ரலிலிருந்து நான்கு கியர்களும் முன் மிதியை அழுத்த அழுத்த ஏறும்; பின் மிதியை அழுத்தினால் ஒவ்வொன்றாக இறங்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் முதல் கியர் மட்டும் முன் மிதியைக் கீழே அழுத்தினால் விழும், மற்ற நான்கும் அதை மேலே தூக்கத் தூக்க ஏறும். ஆகவே அதில் பின் மிதியை அழுத்தினால் கியர் ஏறும். முதல் வகையில் பின் மிதி வேகத்தைக் குறைப்பதற்கானது, இரண்டாம் வகையில் கூட்டுவதற்கானது. உச்சிப்புளிப் பக்கம் ஆடுகள் திடீரென்று சாலைக்குள் இறங்கும்போதும், ஆனி, ஆடிக் காற்றில் தனுஷ்கோடிச் சாலையின் மேல் மணல் படிந்து கிடக்கும்போதும் உடனே வேண்டியது கியரைக் குறைப்பதே. ஸ்ப்ளெண்டர் வகையில் பின் மிதியை எடுத்துவிட்டால், அந்த நேரத்தில் விரலை லீவருக்கு அடியில் நுழைத்து மேலே தூக்கியாக வேண்டும். பழகிய கால் அவசரத்தில் இல்லாத மிதியைத்தான் தேடும். எனவே இந்த வகை வண்டியில் பின் மிதியை எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கிளாசிக் வகையில் அப்படிப்பட்ட ஆபத்து இல்லை. அதே இஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஹன்டர் 350 தொழிற்சாலையிலிருந்தே முன் மிதியோடு மட்டும்தான் வருகிறது.

இரண்டாம் வகை வண்டி என்றால் அடுத்துக் காலணியைப் பாருங்கள். நம் பகுதியில் ஷூ அணிந்து வண்டி ஓட்டுகிறவர்கள் குறைவு. கரையிறங்கி ஈரக்காலோடு வண்டியை எடுக்கும் கடலோடிக்கும், செருப்போடு மீன்பெட்டி கட்டிச் செல்லும் வியாபாரிக்கும், விரலின் மேற்புறத்தால் லீவரைத் தூக்குவது நகத்தையும் தோலையும் வருத்தும். செருப்பின் வாரும் வழுக்கும். அவர்களுக்குப் பின் மிதி பெரிய உதவி. எப்போதும் ஷூ அணிகிறவர், அதிலும் பாதம் நீளமானவர், கழற்றுவதைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம். பின் மிதியை அழுத்தப் பாதம் ஃபுட்ரெஸ்டை விட்டுச் சற்று எழ வேண்டியிருக்கிறது. விரலால் தூக்கும்போது பாதம் அதன் மேலேயே ஊன்றி நிற்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று தள்ளும்போது இந்த ஊன்றுதலின் அருமை தெரியும். அதே வண்டியை வீட்டில் இன்னொருவரும் ஓட்டுகிறார் என்றால் அவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கழற்றத் தீர்மானித்தவர்களும் அதற்கு முன்னால் லீவரின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். இடிக்கிறது என்று வரும் குறைகளில் பல, இஞ்சினிலிருந்து நீளும் கியர்த் தண்டைச் சுற்றியுள்ள பற்களில் ஒன்று தள்ளி மாட்டப்பட்ட லீவரால் வருபவை. இரு மிதிகளும் ஒரே துண்டாக இருக்கும் லீவரில் முன்பக்கத்தை இறக்கினால் பின்பக்கம் உயரும் என்பதை நினைவில் வைத்து, ஒரு பல் மட்டும் மாற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். அந்த நாள்களில் பின் மிதியைத் தொடாமலே ஓட்ட முயல்வது நல்ல சோதனை. கால் தானாகப் பின்னே போய்க்கொண்டே இருந்தால் மிதி இருக்கட்டும்.

கழற்றும் வேலை சிறியது. உப்புக்காற்றுதான் அதைப் பெரிதாக்குகிறது. லீவரின் கழுத்தை இறுக்கும் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே விட்டுவிடுங்கள். வலிந்து திருகினால் போல்ட் உள்ளேயே முறியும். பல வண்டிகளில் இந்தப் போல்ட் தண்டிலுள்ள பள்ளத்தின் வழியே செல்வதால், தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவியெடுக்க வேண்டும். லீவரும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொண்டு, லீவர் கழுத்தின் பிளவில் தட்டை ஸ்குரூடிரைவரை மெதுவாக வைத்து அகட்டினால் லீவர் நழுவி வரும். சுத்தியலால் தட்டவே கூடாது, ஏனெனில் தண்டின் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் இருக்கிறது. பிறகு பற்களைக் கம்பிப் பிரஷால் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவி, வெளியே பிதுங்கியதை வழித்துவிடுங்கள். வெளியே நிற்கும் கிரீஸில் கடல்மணல் ஒட்டினால் அது அரத்தூளாக மாறித் தண்டையே தேய்க்கும்.

அதே பல்லளவில் பொருந்தும் முன் மிதி லீவரை வாங்கி மாட்டுவதே சரியான வழி. ஹார்லி டேவிட்சனின் நெடும்பயண வண்டிகளைப் போல இரு மிதிகளும் ஒரே தண்டில் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருந்தால், பின்னதை மட்டும் எடுத்துவிட்டு, திறந்து கிடக்கும் பற்களை ஒரு வளையத்தால் மூட வேண்டும்.

மாட்டியபின் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இஞ்சினை நிறுத்திய நிலையில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியர்களையும் ஏற்றி இறக்குங்கள். லீவர் இஞ்சின் மூடியிலோ சைடு ஸ்டாண்டிலோ உரசினால் ஒரு பல் மாற்றுங்கள். நியூட்ரல் எளிதில் விழுந்தால் ஆளில்லாத தெருவில் ஓட்டிப் பார்க்கலாம். சில நாள் கழித்துப் போல்ட்டை மறுபடி இறுக்கிவிடுங்கள். கழற்றிய பழைய லீவரை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே துரு தின்றுவிடும்.