ஊசி திங்கட்கிழமை, அளவு வியாழக்கிழமை

எங்கள் கட்டுத்தறியில் கறவை, கிடேரி, கன்று எல்லாம் சேர்த்து 14 உருப்படி. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றுக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்கிறோம். உறைவிந்து நிலையத்துக் காளைகளுக்கு இது கட்டாயம். வீட்டு மாடுகளுக்கு யாரும் தேதி குறித்துத் தருவதில்லை, நாமேதான் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் குறிக்க வேண்டியது அளவு பார்க்கும் நாளை. கழுத்துத் தோலுக்குள் டியூபர்குலின் என்ற, காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த மருந்தை 0.1 மில்லி ஏற்றி, 72 மணி நேரம் கழித்து அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பதுதான் பரிசோதனையே. முதல் வருஷம் எங்களுக்கு இது உறைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை ஊசி போட்டோம். மூன்றாம் நாள் ஞாயிறு, அடுத்த நாள் அரசு விடுமுறை. செவ்வாய்க்கிழமை வந்த டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். உடனே மறுபடி போடவும் முடியாது. ஒரு தடவை போட்டால் தோல் திரும்பச் சரியாகக் காட்ட 42 நாளாவது விட வேண்டும். அந்த ஒன்றரை மாதமும் பயத்தோடுதான் பால் கறந்தேன். அதிலிருந்து எங்களுக்குத் திங்கட்கிழமை ஊசி, வியாழக்கிழமை அளவு.

மாதம் எது என்றால், நான் ஆடியை வைத்துக்கொண்டேன். கல்யாணம் காட்சி இல்லை, மாட்டைப் பிடிக்க வீட்டில் ஆள் இருக்கும். ஆடிப் பதினெட்டு வரும் வாரம் மட்டும் வேண்டாம். ஒரு மாதம் முன்பே கால்நடை மருந்தகத்தில் சொல்லிவையுங்கள். மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்காது. ஒரு குப்பியில் பல மாடுகளுக்குப் போடலாம், திறந்ததை மிச்சம் வைக்கக் கூடாது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். கோமாரி ஊசி போட்ட கையோடு இதை வைக்காமல் தேதியை டாக்டரிடம் கேட்டுத் தள்ளி வையுங்கள்.

கன்று ஈன்று ஆறு வாரம் ஆகாத மாட்டுக்கு நோய் இருந்தாலும் தடிப்பு வராமல் போகலாம். ஸ்டீராய்டு ஊசி போட்ட மாடும் அப்படித்தான். அவற்றைத் தனியாக எழுதிவைத்துப் பின்னால் பாருங்கள். மறந்துபோவது இந்த ஒன்றிரண்டு மாடுகள்தான்.

ஊசி அன்று கழுத்தில் முடியை வெட்டி, தோலை மடித்துப் பிடித்து, அளவுகோலால் அளந்து, காதுவில்லையின் 12 இலக்க எண்ணுக்கு நேரே எழுத வேண்டும். மூன்றாம் நாளும் அதே ஆள், அதே அளவுகோல். முதல் நாள் அளவைவிடத் தடிப்பு கூடியது 2 மில்லிமீட்டர் வரை என்றால் கவலை இல்லை, 4 அல்லது அதற்கு மேல் என்றால் நோய், நடுவில் என்றால் சந்தேகம்.

போன வருஷம் எங்கள் செவலைக்கு 6.5 மில்லிமீட்டர் இருந்தது 9.5 ஆனது, அதாவது சந்தேகம். விரல் வைத்தால் தோலுக்கடியில் புளியங்கொட்டை போலத் தட்டுப்பட்டது. "நல்லாத்தானே கறக்குது கண்ணு, இதுக்கென்ன நோயி?" என்றார் அத்தை. நோய் வந்த மாடு பல மாதம், சில சமயம் வருஷக்கணக்கில் நல்லாத்தான் கறக்கும். அதனால்தான் பரிசோதனையே. அவளைத் தனியாகக் கட்டி, தண்ணீர்த் தொட்டியைப் பிரித்து, அவள் பாலைக் கன்றுக்குக்கூடக் கொடுக்கவில்லை. 42 நாள் கழித்து, பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த பறவை டியூபர்குலினையும் மாட்டு டியூபர்குலினையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டார்கள். பறவை மருந்து போட்ட இடம்தான் கூடுதலாகத் தடித்திருந்தது. மாட்டுக் காசநோய் இல்லை என்றார்கள். அன்று ராத்திரிதான் தூங்கினேன்.

நோய் உறுதியானால் அந்த மாட்டைப் பிரித்துவிட்டு, மற்றவற்றுக்கு 60 நாளுக்கு ஒரு தடவை, தொடர்ந்து இரண்டு முறை எல்லாம் சுத்தம் என்று வரும்வரை பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக்கொள்ள வேண்டும். தயவுசெய்து அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள். வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தை பால் குடிக்கும்.

புதிதாக மாடு வாங்கினால் ஆடிவரை காத்திருக்க வேண்டாம். தனியாகக் கட்டி, பரிசோதனை முடிந்த பிறகே மற்ற மாடுகளோடு சேர்க்கிறேன். அதற்கும் ஊசி திங்கட்கிழமைதான்.