ஃப்ரேமை மாற்றுவதற்கு முன்: பாட்டம் பிராக்கெட்டையும் கிராங்கையும் பொருத்திப் பார்க்கும் முறை

மலைச் சைக்கிளின் ஃப்ரேமை மட்டும் மாற்ற விரும்புகிறவர்களில் பலர், சக்கர அளவையும் ஃபோர்க்கையும் (முன் கவை) பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பெடலைத் தாங்கும் பழைய கிராங்க் புதிய ஃப்ரேமில் ஏறுமா என்ற கேள்வி, எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பிய பிறகுதான் எழுகிறது. கிருஷ்ணகிரியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்படும் ஒரு பேரிங்கோ, இடைவெளியை நிரப்பும் வளையமான ஒரு ஸ்பேசரோ உள்ளூரில் எளிதில் கிடைப்பதில்லை. ஓசூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், அல்லது கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஃப்ரேமை வாங்குவதற்கு முன்பே ஷெல்லின் அகலம், அதன் உள்விட்டம், கிராங்க் அச்சின் வகை, செயின் லைன் ஆகிய நான்கையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

ஷெல் என்பது ஃப்ரேமின் அடியில், கிராங்க் அச்சு நுழைகின்ற குறுக்குக் குழாய். அதற்குள் அமர்ந்து அச்சைச் சுழலவிடும் பேரிங் தொகுதியே பாட்டம் பிராக்கெட். அதன் அகலத்தையும் உள்விட்டத்தையும் வெர்னியரால் அளக்க வேண்டும்; டேப்பால் அளந்தால் 68 மில்லிமீட்டருக்கும் 70 மில்லிமீட்டருக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். நான் முதன்முதலாக அளந்தபோது 68.6 என்று வந்தது. எந்தக் கணக்கிலும் சேராத அந்த எண்ணைப் பார்த்துக் குழம்பி நின்றேன். வெர்னியரை இரவல் கொடுத்த லேத் பட்டறை அண்ணன், "பெயிண்டைச் சுரண்டிட்டு அளந்து பாரு தம்பி" என்றார். ஷெல்லின் இரு விளிம்புகளிலும் தடித்துப் படிந்திருந்த பவுடர் கோட்டிங்கைப் பிளேடால் சுரண்டி எடுத்த பிறகு, அளவு சரியாக 68-இல் வந்து நின்றது.

உள்ளே மரை இருந்து, அகலம் 68 அல்லது 73 ஆக இருந்தால், மலைச் சைக்கிள்களில் அது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. எனப்படும் ஆங்கில மரையாகவே இருக்கும். அதன் அளவு 1.37 அங்குலம், அங்குலத்திற்கு 24 சுற்று. அகலம் 70 ஆக இருந்தால் இத்தாலிய மரையாக இருக்கக்கூடும். அதன் விட்டம் 36 மி.மீ. என்பதால் பி.எஸ்.ஏ. கப் (பேரிங்கைத் தாங்கி ஷெல்லில் ஏறும் கிண்ணம்) அதில் பிடிக்காது. மரையே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அது அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் வகை: உள்விட்டம் 41 மி.மீ., அகலம் 89.5 அல்லது 92 என்றால் ஷிமானோ நிறுவனத்தின் முறை. 42 என்றால் பி.பி.30, 46 என்றால் பி.எஃப்.30. உள்விட்டத்தை ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல், வெர்னியரைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் ஷெல் நசுங்கியிருக்கிறது என்று பொருள்; அந்த ஃப்ரேமை வாங்க வேண்டாம்.

மரை திரும்பும் திசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் நல்ல ஃப்ரேம்கள் பாழாகின்றன. பி.எஸ்.ஏ. ஷெல்லில் செயின் இருக்கும் வலது பக்கம் இடது மரை. அதை இறுக்குவதற்கு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாத ஒரு கடையில், நான் ஆசையாக வாங்கி வந்த அலுமினிய ஃப்ரேமின் வலது கப்பை வழக்கமான திசையில் வைத்து, ஏறவில்லை என்று ஸ்பேனரில் பைப்பைச் செருகித் திருகினார்கள். ஷெல்லின் ஓரத்திலிருந்து வெள்ளி இழைபோல அலுமினியம் சுருள் சுருளாக உதிர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த மரையை மீட்க முடியவில்லை. திசையை நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு: ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி இருக்குமாறு மாட்டினால், எந்தப் பக்கமானாலும், முன் சக்கரத்தை நோக்கித் தள்ளும்போது கப் கழலும், பின் சக்கரத்தை நோக்கித் தள்ளும்போது இறுகும். பெடலுக்கு இது நேர்மாறு. இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வலது மரையே என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. எதுவாயினும், முதல் நான்கைந்து சுற்றுகள் விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் வெளியே எடுத்து, மரையை மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, கிரீஸ் தடவி மீண்டும் தொடங்க வேண்டும். கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடிய ஃப்ரேம் என்றால் மரையின் பள்ளங்களில் கல் மாவு கெட்டித்துப்போய் இருக்கும்.

அடுத்தது கிராங்க் அச்சு. 24 மி.மீ. அச்சு வலது கிராங்கோடு சேர்ந்தே வரும் ஷிமானோவின் ஹாலோடெக் 2 வகையை வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரேம் மாற்றம் எளிது, ஏனெனில் ஒரே கிராங்க் 68, 73 ஆகிய இரண்டு அகலங்களிலும் ஏறும், மாறுவது 2.5 மி.மீ. ஸ்பேசர்களின் எண்ணிக்கை மட்டுமே. 68 ஷெல்லுக்கு வலப்புறம் இரண்டு, இடப்புறம் ஒன்று. 73 ஷெல்லுக்கு வலப்புறம் ஒன்று மட்டும். கூட்டிப் பார்த்தால் இரண்டிலும் 75.5 மி.மீ. வரும். செயின் கழலாமல் காக்கும் செயின் கைடோ, ஷெல்லோடு சேர்த்து இறுக்கும் முன் டிரெய்லியரோ (செயினை வீல் மாற்றும் கருவி) பொருத்தினால், அந்தத் தகடு வலப்புறம் ஒரு ஸ்பேசரின் இடத்தை எடுத்துக்கொள்ளும். 41 மி.மீ. பிரஸ்ஃபிட் ஷெல்லுக்கும் இதே கிராங்க் போதும். பேரிங் செட்டை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஸ்ராம் நிறுவனத்தின் டப் வகைக் கிராங்கின் அச்சு 28.99 மி.மீ.; ஷிமானோ பேரிங்குக்குள் அது நுழையாது என்றாலும், அதற்குரிய பேரிங்குகள் மரை ஷெல்லுக்கும் பிரஸ்ஃபிட் ஷெல்லுக்கும் தனித்தனியாகக் கிடைக்கின்றன.

குறைந்த விலை சைக்கிள்களில் வரும் சதுர அச்சு கார்ட்ரிட்ஜில் (அச்சும் பேரிங்கும் ஒரே உருளையாக வருவது) அவ்வளவு தாராளம் இல்லை. 68-க்கான கார்ட்ரிட்ஜ் 73 ஷெல்லில் சரியாக உட்காராது; ஷெல் அகலத்திற்கு ஏற்றதைத்தான் வாங்க வேண்டும். அதோடு அச்சின் நீளத்தையும் பழையதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 118 மி.மீ. அச்சுக்குப் பதிலாக 122.5 மி.மீ. போட்டால், இரு பக்கமும் சமமாக நீளும் அச்சில், செயின் வீல் 2.25 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பழைய சதுரக் கிராங்கின் ஓட்டையையும் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். ஆட்டத்தோடு ஓட்டப்பட்ட கிராங்கில் சதுரத்தின் மூலைகள் மழுங்கியிருக்கும். கிராங்க் அலுமினியம், அச்சு எஃகு என்பதால் தேய்வது எப்போதும் கிராங்க்தான். அப்படிப்பட்டதைப் புதிய அச்சில் எவ்வளவு இறுக்கினாலும் மீண்டும் ஆட்டம் கொடுக்கும் என்பதால், அதற்குச் செலவழிக்காமல் வேறு கிராங்க் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

கிராங்க் ஏறிவிட்டதாலேயே பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் வீல் பல் வரை உள்ள தூரமே செயின் லைன். மூன்று வீல் கொண்ட பழைய கிராங்குகளில் நடு வீலுக்கு அது 47.5 அல்லது 50 மி.மீ. ஆக இருக்கும், பின் ஹப் 148 மி.மீ. உள்ள பூஸ்ட் ஃப்ரேம்கள் 52 மி.மீ. அளவை எதிர்பார்க்கின்றன. பூஸ்ட் ஃப்ரேமிலும் ஷெல் 73 ஆகவே இருக்கக்கூடும் என்பதால் பழைய கிராங்க் தடையில்லாமல் ஏறும், ஆனால் பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டின் சிறிய பல்சக்கரத்துக்குப் போகும்போது செயின் மிகவும் சாய்ந்து உராயும். செயின் வீலுக்கும் பின் கவையின் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளியையும் கவனிக்க வேண்டும். நான் ஆலன் கீ ஒன்றை இடையில் விட்டுப் பார்ப்பேன்; 2 மி.மீ. கீ தாராளமாகப் போய் வர வேண்டும், ஏனெனில் வத்தல்மலை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஃப்ரேம் சற்று வளைந்து கொடுக்கும்.

பொருத்தும்போது மரைக் கப்புகளை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். பிரஸ்ஃபிட் கப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அது கோணலாக இறங்கிப் பேரிங்கைக் கெடுத்துவிடும். உரிய பிரஸ் இல்லாதவர்கள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரைக் கம்பி, இரண்டு நட்டு, பெரிய வாஷர்கள் ஆகியவற்றைக் கொண்டு மெதுவாக இழுத்து உட்கார வைக்கலாம். ஹாலோடெக் கிராங்கில் இடது முனை மூடியைக் கைவிரல் பலத்துக்கு மேல் இறுக்கக் கூடாது. ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் அது இறுகினால் போதும். அதன் பிறகு இரண்டு பக்கவாட்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக, 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுவர வேண்டும். செயினை மாட்டுவதற்கு முன்பே கிராங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்குள் சட்டென நின்றால் மூடி அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பேசர் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

முதல் ஓட்டத்தை நான் கே.ஆர்.பி. அணை வரை போய்த் திரும்புவதோடு நிறுத்திக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிராங்குகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, போல்ட்டுகளில் மீண்டும் ஒருமுறை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைப்பேன்.